சென்னையில் இட்ட துளை

குளுக்கோமா என்னும் கண்ணழுத்த நோய் பெரும்பாலும் வலியின்றி வந்து, ஓரப்பார்வையை முதலில் தின்கிறது; போன பார்வை மீள்வதில்லை. இந்நோயின் வரலாற்றில் சென்னைக்கும் ஓர் இடமுண்டு என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 1819இல் தோன்றிய சென்னை அரசாங்கக் கண் மருத்துவமனையில் பணிபுரிந்த எலியட் என்ற ஆங்கில வைத்தியர், கருவிழி விளிம்பில் சிறு துளையிட்டு, உள்ளே தேங்கும் நீருக்கு வழி கண்டார். 1909இல் வெளியான அம்முறையை உலகமே கைக்கொண்டது. அவர் கருவிக்குக் கண்ணைக் கொடுத்த ஏழைகளின் பெயரை யார் குறித்தார்?

இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் சங்கர நேத்ராலயா ஆய்வாளர் தமிழ்நாட்டுக் கிராமங்களில் தேடிச் சென்றனர். மெல்ல வரும் இவ்வகை நோய் கண்டவர்களில் 100க்கு 90 பேருக்கு மேல் அதுவரை நோயை அறியாதவர்களே! பம்பலப்பிட்டியில் மூக்குக்கண்ணாடி மாற்றப் போகும் நாம், கண்ணின் அழுத்தத்தையும் நரம்பையும் சோதிக்கக் கேட்கலாம். தோட்டத்து லயத்திலிருந்து பட்டணத்துக்குக் கண் காட்ட வருபவருக்கோ ஒருநாட் கூலி போகும்.