கேரியரில் குடம், பாரில் பிள்ளை

மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இல் ஒரு குட்டி ரயில் ஓடத் தொடங்கியது. பிறகு அந்தக் குறுகிய பாதை ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப் போர் வந்தது. 1941இல் தண்டவாளத்தையே பெயர்த்து எடுத்துப் போய்விட்டார்கள். கிழக்கே மொரப்பூர் வழியாகச் சென்னை–சேலம் ரயில்கள் போய்க்கொண்டுதான் இருந்தன. ஆனால் பாலக்கோட்டுக்காரருக்கும் பென்னாகரத்துக்காரருக்கும் அதனால் பெரிய பயன் இல்லை. மாடு வைத்திருந்தவர் வண்டி கட்டினார், இல்லாதவர் தலைச்சுமையோடு நடந்தார்.

இந்த இடைவெளியில்தான் சைக்கிள் நுழைந்தது. அதுவும் உடனே இல்லை. சீமைச் சைக்கிள் பண்ணையாருக்கும் வாத்தியாருக்கும் மட்டும் எட்டுகிற பொருளாக இருந்தது. 1949இல் முருகப்பா குடும்பத்தார் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கினார்கள், அம்பத்தூரிலிருந்து ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் வெளிவந்தன. 1956இல் லூதியானாவில் ஹீரோ வந்தது. பிறகு மெல்ல மெல்லச் சிற்றூர்களுக்கும் சைக்கிள் வந்து சேர்ந்தது. சொந்தமாக வாங்க முடியாதவருக்கு மணிக்கணக்கில் வாடகைக்குக் கொடுக்கும் கடை இருந்தது.

அந்தச் சைக்கிளின் வார்ப்பு ஆங்கிலேயருடையது. 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக், சீட்டிலிருந்து ஹேண்டில்பார் வரை நேராக ஒரு பார். ஓர் ஆள் நிமிர்ந்து உட்கார்ந்து மிதிப்பதற்குச் செய்தது. அதை ஒரு குடும்பத்துக்கே போதுமான வண்டியாக்கியவர்கள் சைக்கிள் கடைக்காரர்களும் வாங்கிய வீட்டாரும்தான். தடித்த கம்பியில் கேரியர் போட்டார்கள். சுமையோடு நிறுத்தினாலும் சாயாதபடி பின்னால் அகலமான ஸ்டாண்டு வைத்தார்கள். பாரில் பிள்ளைக்கு ஒரு குட்டி சீட்டு மாட்டினார்கள்; அதற்கும் வழியில்லாதவர் துண்டைச் சுற்றி அதன்மேல் உட்கார வைத்தார். கட்டுவதற்குப் பழைய டியூபை நீளமாகக் கிழித்த வார் இருந்தது. இப்படி எந்தத் தொழிற்சாலையின் வரைபடத்திலும் இல்லாத ஒரு சுமைச் சைக்கிள் உருவானது.

டென்மார்க்கில் பிள்ளைகளை ஏற்றிப்போக முன்பக்கம் பெட்டி வைத்த மூன்று சக்கர கிறிஸ்டியானியா சைக்கிள் பிறந்தது 1984இல். கோபன்ஹேகனில் அது இன்று நகர நாகரிகத்தின் அடையாளம். நம் ஊரில் அதே வேலையைச் செய்தவருக்கு அபராதச் சீட்டுதான் கிடைத்தது. டபுள்ஸ் போனால் குற்றம், இரவில் விளக்கு இல்லாவிட்டால் குற்றம், உள்ளாட்சிக்கு வரி கட்டி வாங்கிய வில்லை வண்டியில் இல்லாவிட்டால் அதுவும் குற்றம். போலீஸ்காரர் தலை தெரிந்ததும் கேரியரில் இருந்தவர் குதித்து இறங்கி, தனக்குச் சம்பந்தமே இல்லாதவர்போல நடப்பார்.

தருமபுரியில் இந்தச் சைக்கிளின் தலையாய சுமை தண்ணீர். மாவட்டத்தின் பல பகுதிகளில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டும். பல்லில் பழுப்புக் கறை படியும், நாளாக நாளாக மூட்டும் எலும்பும் வளையும். அதனால் ஆழ்குழாய் பக்கத்திலேயே இருந்தாலும், நல்ல தண்ணீர் வேறொரு கிணற்றிலோ அடுத்த ஊர்க் குழாயிலோதான். பிளாஸ்டிக் குடங்களைக் கேரியரின் இருபுறமும் கயிற்றில் தொங்கவிட்டு, மேலே ஒன்றை வைத்துக் கட்டுவார்கள். நான்கு குடம் என்றால் ஐம்பது கிலோவுக்குக் குறையாது. அந்தச் சுமையோடு மேட்டில் ஏறி மிதிக்க முடியாது, தள்ளத்தான் வேண்டும். இந்தத் தண்ணீர்ப் பாட்டைத் தீர்க்க ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008இல் அடிக்கல் நாட்டி, 2013இல் தொடங்கிவைத்தார்கள். அதன் பெயரிலேயே ‘ஃபுளோரோசிஸ் தணிப்பு’, அதாவது ஃபுளோரைடு நோயைக் குறைப்பது, என்பதும் சேர்ந்திருந்தது.

தண்ணீர் எடுப்பது பெண்களின் வேலை, சைக்கிளோ ஆண்களின் வண்டி. இந்த முரண்பாட்டை வெளிப்படையாக உடைத்தது தருமபுரி அல்ல, புதுக்கோட்டை. 1990களின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் அங்கே ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதைப் பதிவு செய்தார். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளை வாங்கினார்கள். அதை விரும்பியவர்களும் உண்டு: பிள்ளையை உட்கார வைக்க அதில்தானே பார் இருக்கிறது!

2001–02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு அரசு விலையில்லாச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது; சில ஆண்டுகளில் பதினோராம் வகுப்பில் மற்றவர்களுக்கும் அது விரிந்தது. பள்ளிக்கூடம் தொலைவில் உள்ள மாவட்டத்தில் இதன் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளி நேரம் போக மீதி நேரத்தில் அது வீட்டு வண்டிதான். முன்கூடையில் ரேஷன் சர்க்கரையும் கேரியரில் அரிசி மூட்டையும் ஏறின.

அதற்குள் ஆண்கள் பலர் சைக்கிளை விட்டு இறங்கியிருந்தார்கள். காரணமும் இதே மாவட்டத்தில் பிறந்ததுதான். 1965இல் சேலத்திலிருந்து பிரிந்த தருமபுரி மாவட்டத்தில் ஓசூரும் இருந்தது. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோதுதான் அது பிரிந்தது. அந்த ஓசூர் ஆலையிலிருந்து 1980இல் டி.வி.எஸ். 50 வெளிவந்தது, இருவர் உட்காரக்கூடிய மொபெட். பெட்ரோல் தீர்ந்தால் மிதித்துப் போக பெடலும் அதில் இருந்தது. குடும்பங்கள் சைக்கிளில் ஒட்டுப்போட்டுச் செய்துகொண்டதை ஒரு தொழிற்சாலை கடைசியில் கவனித்தது என்று தோன்றுகிறது. இந்த வரிசையில் வந்த எக்ஸ்.எல். வண்டிகளில் ஓட்டுபவரின் காலுக்கு முன்னால் மூட்டை வைக்க இடம் விட்டார்கள். 2015இல் வந்த எக்ஸ்.எல். 100இல் பெடல் இல்லை, ஆனால் பின்சீட்டைக் கழற்றிவிடலாம். காலையில் சீட்டைக் கழற்றிவிட்டுப் பாலக்கோடு சந்தைக்குத் தக்காளிப் பெட்டி கொண்டுபோகிறவர், திரும்பி வந்து அதை மாட்டிப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடலாம்.