பிறந்த பின் மூளையின் இரத்தக் குழாய்கள் எப்படி மாறுகின்றன?

குறைமாதக் குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் பார்க்கும்போது, தாதியர் ஏன் அத்தனை மெதுவாகத் தொடுகிறார்கள், தலையை ஏன் நேராகவே வைத்திருக்கிறார்கள் என்ற கேள்வி எமக்கு எழும். இதற்கான விடை மூளையின் இரத்தக் குழாய்களில் இருக்கிறது.

இக்குழாய்களின் சுவரில் தசை உண்டு. அது தளர்ந்தால் குழாய் விரிந்து இரத்தம் கூடுதலாகப் பாயும், இறுகினால் குறையும். வளர்ந்தவர்களில், இரத்த அழுத்தம் ஓர் எல்லைக்குள் ஏறி இறங்கினாலும், மூளைக்குச் செல்லும் இரத்தத்தின் அளவை இக்குழாய்கள் சீராக வைத்திருக்கின்றன.

கருவறையில் குழந்தையின் இரத்தத்தில் ஒட்சிசன் குறைவு. பிறந்து மூச்செடுத்ததும் அது உயர, மூளையின் குழாய்கள் சற்று இறுகுகின்றன. குழாய்களைத் தளரச் செய்யும் பொருட்களும் காலப்போக்கில் மாறுகின்றன. பன்றிக்குட்டிகளில் நடந்த ஆய்வுகளில், பிறந்த புதிதில் புரொஸ்டகிளாண்டின் வகைப் பொருட்கள் முக்கியமாக இருந்தன. வளர வளர நைத்திரிக் ஒட்சைட்டின் பங்கு கூடியது. குழாயின் உட்சுவரில் உருவாகும் இந்த வாயு பற்றிய கண்டுபிடிப்புகளுக்காக 1998ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு மூவருக்கு வழங்கப்பட்டது.

32 வாரங்களுக்கு முன் பிறக்கும் குழந்தைகளில் இந்தச் சீராக்கும் திறன் முதிர்ந்திருக்காது. அழுத்தம் திடீரென ஏறினால் மூளையின் உட்பகுதியிலுள்ள மென்மையான நுண்குழாய்கள் வெடித்து இரத்தம் கசியலாம். இவ்வகைக் கசிவுகளில் பெரும்பாலானவை முதல் 3 நாட்களில் ஏற்படுகின்றன. கழுத்து ஒருபுறம் திரும்பினால், மூளையிலிருந்து இரத்தம் வெளியேறும் நாளம் அழுத்தப்படும். அதனால்தான் தலை நேராக வைக்கப்படுகிறது.

இரத்தத்தில் காபனீரொட்சைட்டு கூடினால் குழாய்கள் விரியும். மிகக் குறைந்தால் சுருங்கி, மூளைக்கு இரத்தம் போதாமல் போகலாம். வைத்தியர்கள் சுவாசக் கருவியை அடிக்கடி சரிசெய்வதற்கு இதுவும் ஒரு காரணம். கசிவு உள்ளதா என்பதை உச்சிக்குழி வழியாக ஸ்கான் எடுத்துப் பார்ப்பார்கள். குறைமாதப் பிரசவம் நெருங்கும்போது தாய்க்குப் போடப்படும் ஸ்டீரொயிட் ஊசி, குழந்தையின் நுரையீரலுக்கு உதவுவதோடு இக்கசிவின் ஆபத்தையும் குறைக்கிறது.

கசிவு என்ற சொல்லைக் கேட்டவுடன் நாம் மனம் உடையத் தேவையில்லை. சிறிய கசிவுகள் பல தாமாகவே மறைந்துவிடும். புகலிட நாட்டின் மொழி கைகொடுக்காத இடத்தில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்க நாம் தயங்கக் கூடாது. கசிவு உண்டா, அது எந்த அளவு, அடுத்த ஸ்கான் எப்போது ஆகிய 3 கேள்விகளையும் எமது மொழியிலேயே கேட்டுத் தெளிவோம்.