மண்ணாங்கட்டியில் ஆரம்பித்த சொலிசிட்டர் கதை

இங்கிலாந்துக்கு ஆன்சைட் வந்து நாலஞ்சு வருஷம் தாண்டிட்டா நம்மாளுங்க பேச்சு தானா வீடு வாங்குறதுல போய் நிக்கும். கேக்குற கேள்வியும் எல்லாருக்கும் ஒண்ணுதான். சொலிசிட்டர் எதுக்கு? அந்த மனுஷன் மூணு மாசமா என்னதான் பண்றார்? விக்கிறவர் 'சரி'ன்னு சொன்னதுக்கு அப்புறமும் வீடு எப்படி கைநழுவிப் போகுது? இதுக்கெல்லாம் பதில் கொஞ்சம் பின்னாடி, ஒரு ஐந்நூறு வருஷம் பின்னாடி இருக்கு. பொறுமை இருக்கிறவங்க கூட வாங்க.

அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் நிலம் கைமாற பத்திரமே வேண்டாம். விக்கிறவரும் வாங்குறவரும் நாலு சாட்சியோட அந்த நிலத்துக்கே போவார்கள். விக்கிறவர் ஒரு மண்ணாங்கட்டியையோ மரக்குச்சியையோ எடுத்து மற்றவர் கையில் கொடுப்பார். முடிந்தது கிரயம். ஊரே பார்த்திருக்கும், அதனால் நிலம் யாருடையது என்பது ரகசியமே இல்லை.

இந்த வெளிப்படைத்தன்மைதான் பணக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. 1536-ல் எட்டாம் ஹென்றி, தன் வருமானத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு சட்டம் போட்டார். அதன் பக்கவிளைவாக, நிலத்தில் கால் வைக்காமலே எழுத்து மூலம் உரிமையை மாற்ற வழி பிறந்தது. ரகசிய விற்பனை பெருகிவிடும் என்று அதே ஆண்டு இன்னொரு சட்டம்: அப்படி விற்றால் ஆறு மாதத்துக்குள் பதிவு செய்தாக வேண்டும். ஆனால் அது முழு உரிமை விற்பனைக்கு மட்டும்தான், குத்தகைக்கு இல்லை. நம்ம பாஷையில் சொன்னால், எட்ஜ் கேஸை டெஸ்ட் பண்ணாம ரிலீஸ் பண்ணிட்டாங்க :-)

வக்கீல்கள் விடுவார்களா? இன்றைக்கு ஒரு வருடக் குத்தகை, நாளைக்கு அதே ஆளுக்கு மிச்ச உரிமையை விட்டுக்கொடுத்து ஒரு பத்திரம். ரெண்டும் சேர்ந்தால் முழு விற்பனை, பதிவும் கிடையாது. இந்த ஹேக் 1841 வரைக்கும், இருநூறு வருஷத்துக்கும் மேல, ப்ரொடக்ஷனில் ஓடியது! யார்க்‌ஷயர், மிடில்செக்ஸ் மாதிரி சில இடங்களில் 1700-களின் தொடக்கத்தில் பத்திரப் பதிவகங்கள் வந்தன. மற்ற இடங்களில் நிலம் யாருடையது என்பது பெட்டிக்குள் கட்டி வைத்த பத்திரக் கட்டுக்கு மட்டுமே தெரியும்.

சொலிசிட்டருக்கு வேலை வந்தது இங்கேதான். அந்தக் கட்டைப் பிரித்து, யார் யாருக்கு விற்றார், அடமானம் அடைந்ததா, விதவைக்குப் பங்கு உண்டா என்று சங்கிலி அறுபடாமல் பார்க்க வேண்டும். எத்தனை வருஷத்துக்கு? வழக்கப்படி 60. அது 1874-ல் 40 ஆகி, 1925-ல் 30 ஆகி, 1969-ல் 15 ஆனது. கூலி வேறு பத்திரத்தின் நீளத்துக்கு. பழைய பத்திரங்கள் ஏன் மூச்சு விடாமல் ஒரே விஷயத்தை மூணு வார்த்தையில் சொல்கின்றன என்று இப்போது புரிகிறதா? வரிக்கு வரி கோட் எழுதினவனுக்குச் சம்பளம் என்றால் நாம மட்டும் சும்மா இருப்போமா!

இதைவிட சுவாரசியம் 1804. பிரதமர் பிட்டுக்கு நெப்போலியன் போர்ச் செலவுக்குப் பணம் வேண்டும். அட்டர்னிகளின் தொழில் சான்றிதழ் மீதான வரியை ஏற்றினார். அதற்கு ஈடாக அவர்களுக்குக் கிடைத்தது, காசு வாங்கிக்கொண்டு சொத்துப் பத்திரம் எழுதும் தனியுரிமை. அதாவது சாமானியன் வீடு வாங்கக் கட்டாயம் இவர்களிடம் போக வேண்டும் என்ற ஏற்பாடு, அவனைக் காப்பாற்றுவதற்காக வந்ததே இல்லை. வரி பேரத்தில் விழுந்த எலும்புத் துண்டு.

இதற்கு மாற்று கண்டுபிடித்தவர் வக்கீல் இல்லை என்பதுதான் அழகு. தெற்கு ஆஸ்திரேலியாவில் சுங்க அதிகாரியாக இருந்த ராபர்ட் டோரன்ஸ், 1858-ல் பத்திரக் கட்டையே தூக்கிப்போட்டார். அரசாங்கப் பதிவேட்டில் யார் பெயரோ அவர்தான் உரிமையாளர், அவ்வளவுதான். இங்கிலாந்திலும் 1862-ல் நிலப் பதிவகம் வந்தது. ஆனால் இஷ்டப்பட்டால் பதியலாம் என்று விட்டார்கள், யாரும் வரவில்லை. கட்டாயம் என்றதும் சொலிசிட்டர் சங்கம் கொதித்தது. 1897 சட்டப்படி லண்டனில் மட்டும் ஆரம்பித்து, ஊர் ஊராக நகர்ந்து, இங்கிலாந்து, வேல்ஸ் முழுக்கக் கட்டாயமானது 1990 டிசம்பரில்தான். 128 வருஷ ப்ராஜெக்ட்!

சரி, பதிவேட்டைப் பார்த்தாலே உரிமையாளர் யாரென்று தெரிகிறதே, இன்னும் ஏன் மூணு மாசம்? உரிமை மட்டும் பிரச்சினை இல்லை. 'வாங்குறவன்தான் ஜாக்கிரதையா இருக்கணும்' என்பது இங்கே பழைய விதி. ரோடு திட்டம், சாக்கடை, பாதை உரிமை எல்லாம் நாமே தேட வேண்டும். உச்சபட்ச உதாரணம், சர்ச் கூரை. வார்விக்‌ஷயரில் ஒரு பண்ணைக்குச் சொந்தக்காரர்களான தம்பதியிடம், ஊர் சர்ச்சைப் பழுதுபார்க்க சுமார் 95 ஆயிரம் பவுண்டு கேட்டார்கள். இடைக்காலத்தில் வேர்விட்டு, அந்த நிலத்தோடு ஒட்டிக்கொண்ட கடமையாம். வழக்கு பிரபுக்கள் சபை வரை போய், 2003-ல் தம்பதி தோற்றார்கள். அதிலிருந்து சொலிசிட்டரின் தேடல் பட்டியலில் சர்ச்சும் சேர்ந்துகொண்டது.

இந்தத் தேடலெல்லாம் முடியும் வரை யாரும் கட்டுப்படக் கூடாது என்பதால்தான் 'ஒப்பந்தத்துக்கு உட்பட்டு' என்ற வாசகம். 1677-லிருந்தே நில ஒப்பந்தத்துக்கு எழுத்து வேண்டும். 1989 சட்டம் இன்னும் இறுக்கியது: எல்லா நிபந்தனையும் எழுத்தில், இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும். ரெண்டு சொலிசிட்டரும் ஒப்பந்தங்களைப் பரிமாறிக்கொள்ளும் நிமிஷம் வரை வாய்ச்சொல்லுக்கு மதிப்பே இல்லை.

என்கூட வேலை பார்க்கிற ஒரு நண்பர் ரெடிங்ல இப்படித்தான் மாட்டினார். சர்வே, தேடல் எல்லாத்துக்கும் காசு கட்டி ரெண்டு மாசம் கழிச்சு, வேற ஒருத்தர் அதிகம் தரேன்னதும் விக்கிறவர் அந்தப் பக்கம் போயிட்டார். "நம்மூர்ல அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமெண்ட் போட்டிருந்தா இப்படிப் பண்ணுவானாடா?"ன்னு புலம்பல். தகவலையெல்லாம் விக்கிறவரே முன்கூட்டி திரட்டட்டும்னு அரசாங்கம் 2007-ல ஒரு திட்டம் கொண்டு வந்தது. 2010-ல ஆட்சி மாறினதும் மூட்டை கட்டிட்டாங்க. என்னைக் கேட்டா, யோசனை சரிதான், பொறுமைதான் இல்லை.

பிட் கொடுத்த தனியுரிமை என்ன ஆச்சு? 1976-ல் மைக்கேல் ஜோசப் என்ற சொலிசிட்டரே, இது மோசடி என்று புத்தகம் போட்டார். 1983-ல் ஆஸ்டின் மிட்செல் எம்.பி. தனிநபர் மசோதா கொண்டுவர, அரசு இறங்கி வந்து 1985-ல் சட்டம் போட்டது. 1987 முதல் உரிமம் பெற்ற கன்வேயன்சர்களும் இந்த வேலையைச் செய்யலாம். ஆக, சொலிசிட்டர்தான் வேண்டும் என்று கட்டாயமில்லை. கடன் கொடுக்கும் வங்கியின் பட்டியலில் அவர் இருக்கிறாரா என்று மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

நம்மூரைப் பார்த்துப் பெருமூச்சு விடுபவர்களுக்கு ஒரு தகவல். நம்ம 1908 பதிவுச் சட்டம் பதிவது பத்திரத்தை, உரிமையை அல்ல. இங்கே பதிவேட்டில் தவறு நடந்து நமக்கு நஷ்டம் என்றால் பதிவகம் ஈடு கொடுக்கும், நம்ம சார்பதிவாளர் கொடுக்க மாட்டார். தாய்ப்பத்திரம் தேடி, 30 வருஷ வில்லங்கம் போட்டு, வக்கீலிடம் ஒப்பீனியன் வாங்குகிறோமே, அது டோரன்ஸ் தூக்கிப்போட்ட அதே பத்திரக் கட்டு.

999 வருஷ லீஸ், தரை வாடகைன்னு இன்னொரு பெரிய கதை இருக்கு. அது அடுத்த பதிவுல.