செம்பைக் கரைக்கும் நுண்ணுயிரிகள்: ஒரு வரலாறு

தென்மேற்கு ஸ்பெயினில் பாயும் ரியோ டின்டோ ஆற்றின் நீர் சிவப்பு நிறமும் கடும் அமிலத்தன்மையும் கொண்டது. இதன் கரையிலுள்ள சுரங்கங்களில் செம்பு, கந்தகத்தோடும் இரும்போடும் சேர்ந்த சல்பைடு தாதுவாகக் கிடைத்தது.

19ஆம் நூற்றாண்டில் இத்தாதுவைத் திறந்தவெளியில் குவித்து வறுத்தனர். அதில் எழுந்த கந்தகப் புகை பயிர்களையும் மக்களையும் பாதித்தது. 1888 பிப்ரவரி 4 அன்று இதை எதிர்த்துத் திரண்ட தொழிலாளர்கள், உழவர்கள் மீது படையினர் சுட்டதில் பலர் உயிரிழந்தனர்.

வறுக்காத தாதுக் குவியல்களின் மீது நீரைப் பாய்ச்சும் முறையும் அங்கு வழக்கத்தில் இருந்தது. குவியலிலிருந்து வடியும் நீரில் செம்பு கரைந்திருக்கும். அந்நீரில் பழைய இரும்பைப் போட்டால் செம்பு அதன்மேல் படியும். புகையற்ற இம்முறை மெதுவாகவே நடந்தது. காற்றும் நீரும் மட்டுமே தாதுவைக் கரைக்கின்றன என்று நெடுங்காலம் கருதப்பட்டது.

1947இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் கோல்மர், ஹிங்கிள் ஆகியோர் நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து வடியும் அமில நீரை ஆராய்ந்தனர். அந்நீரில் இரும்பை ஆக்சிசனேற்றம் செய்வது பாக்டீரியா என அவர்கள் காட்டினர். இன்று அது அசிடிதயோபாசிலஸ் பெர்ரோஆக்சிடன்ஸ் என அழைக்கப்படுகிறது. 1954இல் யூட்டா மாநிலத்தின் பிங்காம் செப்புச் சுரங்க நீரிலும் இத்தகைய பாக்டீரியா இருப்பது தெரியவந்தது. 1958இல் கென்னகாட் நிறுவனம் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றது.

செப்புச் சல்பைடைத் தாக்குவது பெரிக் அயனி ஆகும். தாக்கும்போது அது பெரசு அயனியாக மாறுகிறது. பாக்டீரியா அதை மீண்டும் பெரிக் அயனியாக்குவதால் வினை தொடர்கிறது.

இப்பணியை ஒரே இனம் செய்வதில்லை என்பது பின்னர் தெளிவானது. 1972இல் ஆர்மீனியாவின் செப்புத் தாதுவிலிருந்து லெப்டோஸ்பிரில்லம் விவரிக்கப்பட்டது. இது இரும்பை மட்டும் ஆக்சிசனேற்றும். கந்தகத்தை அமிலமாக்குபவை வேறு இனங்கள். குவியலின் உள்ளே வெப்பம் மிகும்போது வெப்பத்தை விரும்பும் ஆர்க்கியாக்கள் பெருகுகின்றன.

1980இல் சிலியின் லோ அகிர்ரே சுரங்கம் இம்முறையில் வணிக உற்பத்தியைத் தொடங்கியது. உருக்குவதற்குக் கட்டுப்படியாகாத தரம் குறைந்த தாதுக்களும் இதனால் பயன்பட்டன.

எனினும் இந்நுண்ணுயிரிகளின் செயல் சுரங்க எல்லையோடு நிற்பதில்லை. கைவிடப்பட்ட சுரங்கங்களிலும் கழிவுக் குவியல்களிலும் இதே வினை நிகழ்ந்து, ஆறுகளில் அமிலமும் உலோகங்களும் கலக்கின்றன. ஆகவே குவியலின் அடியில் நீர்புகாத விரிப்பு அமைத்து, வடியும் கரைசலைச் சேகரிப்பது இத்தொழிலின் இன்றியமையாத பகுதியாகும்.