அப்பத்தாவின் காது

எங்கள் வீட்டு முன்னறையில் மாட்டியிருக்கும் படத்தில் அப்பத்தாவுக்குக் காது சிறிதாக, அழகாக இருக்கிறது. மடலோடு ஒட்டி ஒரு கல்தோடு. கழுத்தை ஒட்டிய ரவிக்கை. கரை போட்ட பட்டுச்சேலை. நெற்றியில் ஒரு சுருக்கம் இல்லை. பின்னால் வெறும் வெள்ளை. 1981இல் அப்பத்தா இறந்து கருமாதிக்குள் தயாராகி வந்த படம் இது. நான் பிறந்ததே அதற்குப் பிறகுதான் என்பதால் அப்பத்தா இப்படித்தான் இருந்திருப்பாள் என்றே நம்பி வளர்ந்தேன்.

நான்கு வருடத்துக்கு முன் சித்தப்பா வீட்டைக் காலி செய்தபோது ஒரு பிஸ்கட் டப்பாவில் சின்னச் சின்னப் படங்கள் கிடைத்தன. 1974இல் குலசாமி கோயிலில் அத்தை மகளுக்குக் காது குத்தியபோது சித்தப்பா தன் அக்ஃபா கிளிக் 3இல் எடுத்தவை. 120 ஃபிலிமில் 12 படம் விழும் கேமரா அது. நெகட்டிவ் அளவுக்கே அப்படியே அச்சுப் போட்டால் 6 செ.மீ. சதுரம், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. அதில் ஒன்றில் ஒரு கிழவி புளியமரத்தடியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிக்கிறாள். ரவிக்கை கிடையாது. வாய் நிறைய வெற்றிலை. யாரையோ பார்த்துச் சிரிக்கிறாள், அந்த யாரோவின் முழங்கை மட்டும் ஓரத்தில் தெரிகிறது. இரண்டு காதும் வடிந்து, வெறுமனே, தோள்வரை தொங்குகின்றன.

"யாரு சித்தப்பா இது?"

"என்னடா கேள்வி, உங்க அப்பத்தாதான். வீட்ல மாட்டியிருக்கிற படம் இதுலருந்து எடுத்ததுதான்."

எனக்கு முதலில் வந்தது கோபம். ஒரு மனுஷியின் காதை அழித்துவிட்டார்கள், ரவிக்கை போட்டுவிட்டார்கள், சிரிப்பைத் துடைத்துவிட்டார்கள் என்று. அந்தக் கோபத்தில்தான் 'டச்சிங்' என்று நம் ஊர்களில் சொல்லப்படும் அந்தத் தொழிலைப் பற்றித் தேட ஆரம்பித்தேன்.

புகைப்படத்தைத் திருத்துவது கணினியோடு வந்தது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது கிட்டத்தட்டப் புகைப்படத்தின் வயசு உள்ள வேலை. 1839இல் அறிவிக்கப்பட்ட தாகேரின் முறையில் நெகட்டிவே கிடையாது, வெள்ளி பூசிய செப்புத்தகட்டில் நேரடியாக உருவம் விழும். அதன்மேலும் கன்னத்துக்குக் கொஞ்சம் சிவப்புப் பொடி, நகைக்குக் கொஞ்சம் பொன்நிறம் என்று தூரிகையால் பூசினார்கள். இன்னொரு பக்கம் இங்கிலாந்தில் டால்பட்டின் காகித நெகட்டிவ். நெகட்டிவ் என்று ஒன்று வந்தவுடன் கைவைக்க இடம் கிடைத்துவிட்டது. 1855இல் பாரிஸ் பொருட்காட்சியில் மியூனிக்கைச் சேர்ந்த ஃபிரான்ஸ் ஹான்ஃப்ஸ்டாங்ல் ஒரே உருவப்படத்தைத் திருத்தியும் திருத்தாமலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். கூட்டம் வாயைப் பிளந்ததாம். கேமரா பொய் சொல்லும் என்று தெரிந்த பிறகுதான் படமெடுத்துக்கொள்ளும் ஆசை ஜனங்களிடம் இன்னும் பெருகியது என்று சூசன் சான்டாக் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். நியாயம்தானே. உள்ளது உள்ளபடி காட்டுகிற கண்ணாடிதான் வீட்டிலேயே இருக்கிறதே.

அதற்கு அடுத்த வருடமே, 1856இல், மெட்ராசில் புகைப்படச் சங்கம் தொடங்கிவிட்டார்கள். ஆனால் வெள்ளைக்காரர்கள், ஜமீன்தார்கள், வக்கீல்கள் என்று மேலே இருந்தவர்களிடமிருந்து கேமரா கீழே இறங்கி, சிற்றூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்மாடியில் 'ஸ்டுடியோ' ஆக வெகுகாலம் ஆனது. அப்படிப்பட்ட தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களின் பழைய படங்களை, கண்ணாடி நெகட்டிவ்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் தேடிப்போய் மின்னுருவாக்கியிருக்கிறார்கள். பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தில் அவை இருக்கின்றன. ஒரு ராத்திரி உட்கார்ந்து பார்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், விடியாது.

சரி, வேலை எப்படி நடந்தது? மதுரைப் பக்கத்தில், எங்கள் ஊரில் அல்ல, 30 வருடத்துக்கு மேல் டச்சிங் செய்த ஒரு பெரியவரைப் போய்ப் பார்த்தேன். பெயர் போட வேண்டாம் என்றார். கண்ணில் புரை எடுத்திருக்கிறது. ஆனால் விரல் இன்னும் நடுங்கவில்லை.

முதலில் சின்னப் படத்தைப் பலகையில் குத்தி, இருபுறமும் சாய்வாக விளக்கு வைத்து, பெரிய கேமராவில் மறுபடி படம் எடுப்பார்கள். இதற்கு 'காப்பி எடுக்கிறது' என்று பேர். இப்போது கையில் ஒரு பெரிய நெகட்டிவ் இருக்கும். அதைச் சாய்வான மேசையில் துளைக்கு மேல் வைப்பார்கள். கீழே ஒரு கண்ணாடி ஜன்னல் வெளிச்சத்தை மேலே அனுப்பும். நெகட்டிவின் மேல் பென்சில் பிடிக்காது, வழுக்கும். அதற்காக டர்பன்டைனில் கரைத்த குங்கிலியப் பசையைப் பஞ்சால் லேசாகத் தடவுவார்கள். பென்சில் முனையை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து ஊசிபோல் நீட்டமாக ஆக்கிக்கொள்வார்கள். பிறகு புள்ளி, கால்புள்ளி மாதிரி சின்னச் சின்னக் கீற்றுகள். ஒரு முகத்துக்கு அரை நாள்கூட ஆகும்.

"எழுதுற மாதிரி அழுத்துனா போச்சு. கன்னத்துல கோடு விழுந்துரும். ஈ உக்காந்துட்டுப் போற மாதிரி தொடணும் தம்பி."

இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். முகத்தில் கருப்பாகத் தெரியும் சுருக்கமும் பள்ளமும் நெகட்டிவில் வெளிச்சம் ஊடுருவும் தெளிந்த இடமாக இருக்கும். அந்த இடத்தைப் பென்சிலால் நிரப்பினால், அச்சில் வெளுத்துவிடும். அதாவது பென்சிலால் வெளுக்கத்தான் முடியும். ஒரு இடத்தைக் கருப்பாக்க வேண்டுமென்றால் கத்தி எடுத்து நெகட்டிவின் மேல்பூச்சைச் சுரண்ட வேண்டும். ஒரு இம்மி கூடச் சுரண்டினால் திருப்பி ஒட்டவைக்க முடியாது. யாருக்கு வேண்டும் அந்த வம்பு? ஆகவே கருவியே வெளுப்பின் பக்கம் சாய்ந்திருக்கிறது. தொழிலின் சௌகரியமும் நம் ஊர்க்காரர்களின் சிவப்புத்தோல் மோகமும் ஒரே திசையில் ஓடியிருக்கின்றன. நம் வீட்டுச் சுவர்களில் தொங்கும் தாத்தா பாட்டிகள் எல்லோரும் பேரன் பேத்திகளைவிட நிறமாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

ஆனால் வழக்கு இதோடு முடியவில்லை. பழைய ஆர்த்தோகுரோமேட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு எல்லாம் கருப்பாக விழும். குங்குமம் மையாகத் தெரியும். நம் தோலின் மாநிறத்தில் சிவப்புக் கலப்பு அதிகம் என்பதால் ஆள் இருப்பதைவிடக் கருப்பாக விழுவார். எல்லா நிறத்தையும் ஏற்கும் பாங்க்ரோமேட்டிக் தகடுகள் 1906இலேயே விற்பனைக்கு வந்துவிட்டன. ஆனால் அவற்றைக் கும்மிருட்டில் கழுவ வேண்டும். ஆர்த்தோவைச் சிவப்பு விளக்கில் பார்த்துப் பார்த்துக் கழுவலாம் என்பதால் ஸ்டுடியோக்காரர்கள் அதை லேசில் விடவில்லை. "படத்துல கருப்பா விழுந்துட்டேன்" என்று அந்தக்காலத்து ஆட்கள் சொன்னது எப்போதும் வெட்டிப் பெருமை அல்ல. பெரியவரின் பென்சில் சில நேரம் ஃபிலிமின் தப்பைத் திருத்திக்கொண்டிருந்தது, சில நேரம் மனுஷனின் தோலைத் திருத்திக்கொண்டிருந்தது. எது எங்கே முடிந்து எது எங்கே தொடங்கியது என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

பின்னால் இருக்கும் வெள்ளைக்கும் கதை உண்டு. அப்பத்தா வயசுக்காரர்கள் படமெடுக்கச் சம்மதிக்க மாட்டார்கள், ஆயுசு குறையும் என்ற பயம். அதனால் இறந்த பிறகுதான் வீட்டார் படம் தேடுவார்கள். கல்யாணக் கூட்டத்தில் மூணாவது வரிசையில் பாதி முகம் அகப்படும். அதுவும் அகப்படாவிட்டால் பிணத்தை நாற்காலியில் சாய்த்துக் கட்டி எடுத்த படம்தான். மூடிய இமையின் மேல் கண்ணை வரைவதற்கென்றே பேர்போன கைகள் இருந்திருக்கின்றன. கூட்டத்திலிருந்து முகத்தைப் பிரித்தெடுக்க, நெகட்டிவில் மீதி எல்லாவற்றின் மேலும் ஒளிபுகாத மையைப் பூசிவிடுவார்கள். மை பூசிய இடம் அச்சில் வெள்ளைவெளேர் என்று வரும். அப்பத்தாவைச் சுற்றியிருக்கும் சொர்க்கம் மாதிரியான வெள்ளை அப்படி வந்தது. புளியமரம், வெங்காயம், அந்த முழங்கை, தொங்கிய காது எல்லாம் ஒரே பூச்சில் போயிருக்கின்றன. உடம்பு? "அது வேற ஆளோடதா இருக்கும்" என்றார் பெரியவர் சாதாரணமாக. பட்டுச்சேலை கட்டி உட்கார்ந்த பெண்களின் படங்கள் அவரிடம் ஒரு கட்டு இருக்குமாம். தலையை அளவுபார்த்து வெட்டி, ஒட்டு தெரியாமல் விளிம்பை உப்புத்தாளில் தேய்த்து ஒட்டி, மறுபடி காப்பி எடுத்தால் ஒட்டு மறைந்துவிடும். ஆக, 40 வருடமாக நாங்கள் மாலை போட்டுக் கும்பிட்ட தோள் யாருடையதோ.

நான் கொண்டுபோயிருந்த சின்னப் படத்தையும் பெரிய படத்தையும் பக்கத்தில் வைத்து அவர் வெகுநேரம் பார்த்தார். "சுத்தமான வேலை" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

"ஒரு மனுஷியோட காதையே அழிச்சிருக்காங்களேய்யா."

"அழிச்சாங்கன்னு சொல்லாதீங்க. கவர்ல எழுதிக் குடுப்பாங்க தம்பி. பொட்டு வேணும், பொட்டு வேணாம், பல்லு தெரியக்கூடாது, சட்டை போடணும்னு. எழுதாம ஒரு முடியக்கூடத் தொட மாட்டோம். உங்க வீட்ல யாரு குடுத்தாங்கன்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை. எனக்குத் தோன்றவே இல்லை. நான் யோசித்து வைத்திருந்தது வேறு. வடித்த காது நாகரிகக்குறைவு என்று ஆகி, ஒரு தலைமுறைப் பெண்கள் தொங்கும் காதை அறுத்துத் தைத்துக்கொண்டார்களே, ஆஸ்பத்திரிக் கத்தி செய்ததைத்தான் ஸ்டுடியோ மை செய்திருக்கிறது என்று. கட்டுரைக்கு வாகான வரி. பொது வரலாறாக அது உண்மையும்கூட. ஊருக்குப் போய் அப்பாவிடம் கேட்டேன். அவருக்கு இப்போது 78.

"நான்தான் எழுதிக் குடுத்தேன். தோடு போட்டுவிடச் சொன்னேன்."

"ஏன்ப்பா, தண்டட்டி போட்டிருக்கலாமே?"

கொஞ்ச நேரம் டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தார். "அத வித்துத்தானடா என்னைய காலேஜ்ல சேத்துச்சு. 66ல. வேலைக்குப் போயி மீட்டுக் குடுக்கணும்னு இருந்தேன், முடியல. அதுக்கப்புறம் வெறுங் காதோடயே திரிஞ்சுச்சு. அந்தப் படத்துல அதுதான் எனக்குத் தெரிஞ்சுச்சு. தினம் எந்திரிச்சு அதப் பாக்க முடியுமா?"

தண்டட்டியை வரையச் சொல்லியிருந்தால் அது பொய்யாகியிருக்கும் என்று அவர் நினைத்திருக்கிறார். தோடு பொய்யில்லையா என்று நான் கேட்கவில்லை.

இதற்குப் பின்னால் வந்தவற்றை வேகமாகத்தான் சொல்ல வேண்டும். டி.என். சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தபோது, 1993இல், வாக்காளர் அட்டைக்குப் படம் எடுக்கத் தொடங்கினார்கள். அரசாங்கம் வரிசையில் நிற்கவைத்து எடுத்த அந்த மங்கல் முகம்தான் பல கிழவன் கிழவிகளின் ஒரே தனிப்படம். அதிலிருந்தே கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ்களும் வந்தன. அதற்குள் ஃபோட்டோஷாப் 1990இல் வெளியாகியிருந்தது. அதன் கதையிலும் ஒரு சாதாரணக் குடும்பப்படம் இருக்கிறது. அதை உருவாக்கிய சகோதரர்களில் ஒருவரான ஜான் நோல், 1987இல் போரா போரா தீவுக் கடற்கரையில் தன் வருங்கால மனைவி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தபோது எடுத்த படத்தைத்தான் வெட்டியும் ஒட்டியும் எல்லோருக்கும் மென்பொருளைச் செய்துகாட்டினார். டச்சிங் மேசைகள் கவிழ்ந்தன. பெரியவர் கொஞ்ச காலம் பாஸ்போர்ட் படம் வெட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

போன பொங்கலுக்குச் சித்தப்பா மகன் வீட்டுப் படத்தை ஏதோ ஒரு செயலியில் போட்டு வண்ணமாக்கி, கண் சிமிட்டவைத்துக் குடும்பக் குழுவில் அனுப்பினான். அப்பத்தா வரிசைப் பல் தெரியச் சிரித்தாள். எவரும் கவரில் எழுதிக் கொடுக்காத சிரிப்பு. அத்தை அதைப் பார்த்துவிட்டு, "யாருடா இந்தப் பொம்பள?" என்று குரல் பதிவு அனுப்பினாள். அவள் 1981இல் வந்த படத்தைப் பார்த்தும் இதே கேள்வியைத்தான் கேட்டாளாம்.

சின்னப் படத்தை நான் நல்ல ஸ்கேனரில், ஒரு தூசியைக்கூடத் தட்டாமல் எடுத்து வைத்திருக்கிறேன். சுவரில் மாற்றி மாட்டவில்லை. அப்பா இருக்கும்வரை அந்தத் தோடு அங்கேயே இருக்கட்டும். மடிக்கணினியில் பெரிதாக்கி அவரிடம் காட்டியபோது கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரையின் அருகில் குனிந்தார். காதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. படத்தின் ஓரத்தில், ஃபிரேமுக்கு வெளியே பாதி போய்விட்ட அந்த முழங்கையைத் தொட்டார்.

"இது நான்" என்றார்.