சேமித்த நீரின் மண்வாடை: தேற்றாங்கொட்டை முதல் மீன்தொட்டி வரை – இளம்பிள்ளைப் பகுதியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

சேமித்து வைத்த தூய நீரில் சில நாள்களில் தோன்றும் மண்வாடை அல்லது பூசணவாடை, இன்று வண்ணமீன் வளர்ப்போரும் குடிநீர்க் கேன் வாங்குவோரும் ஒருங்கே எதிர்கொள்ளும் சிக்கலாகும். நீரைத் தெளியவைத்தல், மணமேற்றல், நுண்ணுயிர் நீக்கல் என்னும் மூன்று செயல்களும் தமிழ்ச் சூழலில் எவ்வெக்காலத்தில் எவ்வாறு கையாளப்பட்டன என்பதை இக்கட்டுரை இலக்கியச் சான்றுகளாலும் அறிவியல் வரலாற்றாலும் ஆராய்கிறது. இம்மூன்றையும் ஒன்றெனக் கருதுவதே பழமையைப் போற்றுவோரும் புதுமையை நம்புவோரும் ஒருசேரச் செய்யும் பிழை என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: தேற்றா, பாதிரி, சியோசுமின், மேட்டூர், எதிர்ச் சவ்வூடுபரவல், வண்ணமீன் வளர்ப்பு, இளம்பிள்ளை.

முன்னுரை

சேலம் மாவட்டத்தில் கஞ்சமலையை அடுத்து அமைந்துள்ள இளம்பிள்ளை, சேலை நெசவால் பெயர்பெற்ற பேரூராட்சி. நூலுக்குச் சாயமேற்றுவதற்கும் வீட்டுப் புழக்கத்துக்கும் நீரைச் சேர்த்து வைப்பது இங்கு வாழ்வின் ஒரு கூறு. நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பும் கடினத்தன்மையும் மிக்கது. சேலம் மாவட்டத்தின் சில பகுதிகளில் புளோரைடும் மிகுந்து காணப்படுகிறது. ஆதலின் குடிப்பதற்குக் காவிரி நீரையே இச்சமவெளி எதிர்நோக்குகிறது. குழாயில் நீர் நாள்தோறும் வராத ஊர்களில் ஒவ்வொரு வீடும் ஒரு சிறு நீர்த்தேக்கமாகிறது. குடம், அண்டா, சிமெண்டுத் தொட்டி, நெகிழிப் பீப்பாய், இருபது லிட்டர்க் கேன் என்று கலங்கள் மாறின. நீரை அடைத்து வைத்தால் வாடை வரும் என்னும் பட்டறிவு மாறவில்லை. அவ்வாடை எங்கிருந்து வருகிறது, அதனைப் போக்க முன்னோர் செய்தது என்ன, இன்று செய்யத்தக்கது என்ன என்னும் வினாக்களுக்கு இக்கட்டுரை விடை காண முயல்கிறது.

தேற்றாவும் பாதிரியும்

கலங்கிய நீரைத் தேற்றா விதையால் தெளியவைக்கும் வழக்கம் சங்க நூல்களிலேயே இடம்பெறுகிறது. கலித்தொகையின் 142ஆம் பாடல், துயரால் கலங்கிய தலைவியின் உள்ளம் தெளிவதற்கு, இல்லத்தின் விதையால் தெளிவிக்கப்பட்ட நீரை உவமையாக்குகிறது. இல்லம் என்பது தேற்றாவின் பழம்பெயர். உவமையாக எடுத்தாளும் அளவுக்கு இச்செயல் அன்றாட வழக்காக இருந்தது என்பது இதனால் புலனாகும். விதையைக் கலத்தின் உட்புறத்தில் தேய்த்து நீர் ஊற்றி அசையாமல் வைத்தால், மிதக்கும் களிமண் துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு அடியில் படியும். விதையிலுள்ள புரதங்களும் கூட்டுச்சர்க்கரைகளும் இத்திரளலைத் தூண்டுகின்றன. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இம்மரத்துக்கு வழங்கப்பட்ட தாவரவியல் பெயரின் பின்பகுதியான ‘பொட்டாட்டோரம்’ என்பது குடிப்போருக்குரியது எனப் பொருள்படும் இலத்தீன் சொல். ஐரோப்பியத் தாவரவியலாரும் மரத்தின் பயனைக் கொண்டே அதற்குப் பெயரிட்டனர்.

வாடை பற்றிய சான்று நாலடியாரில் கிடைக்கிறது. கற்றாரைச் சேர்ந்த கல்லாரும் நல்லறிவு பெறுவர் என்பதற்கு அதன் 139ஆம் பாடல், பாதிரிப்பூவைச் சேர்ந்த புதுப்பானை தன்னிலுள்ள நீருக்கும் அம்மணத்தைத் தருவதை உவமையாகக் காட்டுகிறது. இங்கு நுட்பமான செய்தி ஒன்று உள்ளது. பூவின் மணம் முதலில் ஓட்டில் ஏறுகிறது. ஓட்டிலிருந்து நீருக்கு வருகிறது. கலம் தன் மணத்தை நீருக்குத் தரும் என்பதை இவ்வுவமை இயல்பான உண்மையாகக் கொள்கிறது. நல்ல மணத்துக்குப் பொருந்துவது தீய மணத்துக்கும் பொருந்தும்.

ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் வடமொழியில் இயற்றிய பிருகத் சம்கிதையின் நிலத்தடி நீர் பற்றிய இயலில், கலங்கலும் கசப்பும் உவர்ப்பும் தீய மணமும் உடைய கிணற்று நீருக்கு ஒரு கலவை கூறப்படுகிறது. அஞ்சனம், கோரைக்கிழங்கு, வெட்டிவேர், நெல்லி ஆகியவற்றோடு தேற்றாவும் அதில் அடங்கும். இக்கலவையில் தேற்றா தெளியவைக்கும் பொருள். வெட்டிவேரும் கோரைக்கிழங்கும் மணமூட்டும் பொருள்கள். ஒரே கலவையில் இருவேறு பணிகள் நடைபெறுகின்றன. தேற்றா கலங்கலைப் போக்கும். ஆனால் நீரில் கரைந்துள்ள மணப்பொருளை அது நீக்குவதில்லை. வெட்டிவேரும் பாதிரியும் வாடையை மறைக்குமேயன்றி அதன் காரணத்தை அகற்றா. ஆதலின் இவற்றை நவீன நீர்த் தூய்மிப்புக்கு முன்னோடி என ஒட்டுமொத்தமாகக் கூறுவது பொருந்தாது. தெளிவித்தலில் அக்கூற்று மெய்; நுண்ணுயிர் நீக்கலில் அதற்குச் சான்றில்லை.

மண்வாடையின் வேதியியல்

மண்ணிலிருந்து எழும் மணத்துக்குரிய பொருளைப் பிரித்தறியும் முயற்சியை 1891இல் பிரெஞ்சு வேதியியலர் பெர்த்தலோவும் ஆந்த்ரேயும் தொடங்கினர். 1965இல் கெர்பர், லெச்செவாலியர் ஆகிய இருவரும் ஆக்டினோமைசீட்டுகள் என்னும் நுண்ணுயிர்களிலிருந்து அப்பொருளைப் பிரித்தெடுத்து, கிரேக்க மொழியில் மண், மணம் எனப் பொருள்படும் சொற்களைச் சேர்த்துச் சியோசுமின் எனப் பெயரிட்டனர். இதனோடு 2-மெத்தில் ஐசோபோர்னியால் என்னும் மற்றொரு பொருளும் பூசணவாடைக்குக் காரணமாகிறது. ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 10 நானோகிராம் இருந்தாலே மனித மூக்கு சியோசுமினை உணரும். அந்த அளவில் அது நஞ்சன்று.

நீலப்பச்சைப் பாசிகளும் இப்பொருள்களை உண்டாக்குகின்றன. இப்பாசிகள் பற்றிய ஆய்வில் சென்னைக்குத் தனியிடம் உண்டு. எம். ஓ. பி. ஐயங்கார் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாசியியல் ஆய்வு மரபை உருவாக்கினார். 1940இல் எஸ். வி. கணபதி, நுண்பாசி நிலையாகப் படர்ந்திருந்த கோயில் குளம் ஒன்றின் சூழலியலை ஆராய்ந்து வெளியிட்டார். டி. வி. தேசிகாச்சாரியின் ‘சயனோபைட்டா’ 1959இல் வெளிவந்தது. குளத்து நீரின் பச்சை நிறம் இவ்வாறு வகைப்பாட்டுக்கும் அளவீட்டுக்கும் உரிய ஆய்வுப் பொருளானது.

மேட்டூர் நீர்த்தேக்கம்

1925இல் தொடங்கி 1934இல் நிறைவுற்ற மேட்டூர் அணை, 120 அடி நீர்மட்டமும் 93.47 ஆயிரம் மில்லியன் கன அடிக் கொள்ளளவும் உடையது. பாசனத்துக்காகக் கட்டப்பட்ட அது பின்னாளில் சேலம் பகுதியின் குடிநீர் ஆதாரமாகவும் ஆயிற்று. இளம்பிள்ளையின் பெயரிலேயே காவிரியை ஆதாரமாகக் கொண்ட கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஒன்று உள்ளது. ஓடும் ஆறு தேங்கும் ஏரியாக மாறும்போது வெயிலும் ஊட்டச்சத்தும் பாசிக்கு இடமளிக்கின்றன. அண்மை ஆண்டுகளில் அணையின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் நீர் பச்சையாகித் துர்நாற்றம் எழுந்ததும், அதனைக் கட்டுப்படுத்த நுண்ணுயிர்க் கரைசல் தெளிக்கப்பட்டதும் செய்திகளாயின. வாடை வீட்டுக் கலத்தில் மட்டுமன்றி ஆதாரத்திலேயே தோன்றக்கூடும் என்பதற்கு இது சான்று.

குளோரினும் மீனும்

1908இல் அமெரிக்காவின் செர்சி நகர நீர் வழங்கலில் குளோரின் தொடர்ச்சியாகக் கலக்கப்பட்டது. குழாயில் வரும் நீரில் ஒரு லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும் என்பது இந்தியக் குடிநீர்த் தரநிலை. அத்தரநிலை மணத்துக்கு எண் எதையும் குறிக்காமல், ஏற்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்று மட்டும் கூறுகிறது. மணத்துக்கு மூக்கே இன்றும் அளவுகோல்.

குளோரின் வரலாற்றில் மீன் வளர்ப்பு ஒரு முரணை வெளிப்படுத்துகிறது. எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால் 1909இல் சென்னைக் கடற்கரையில் மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. பொதுமக்கள் கண்ணாடிக்குள் மீனைக் காணும் வழக்கம் அங்கு வேரூன்றியது. பிற்காலத்தில் சென்னைக் கொளத்தூர் வண்ணமீன் வணிகத்தின் மையமாக வளர, தொட்டிகள் வீடுகளுக்கும் வந்தன. நீரைக் கெடாமல் காக்கும் குளோரின் மீனின் செவுளைச் சிதைக்கும். ஆகவே மீன் வளர்ப்போர் நீரை ஒரு நாள் திறந்து வைத்தோ தயோசல்பேட்டு இட்டோ குளோரினை நீக்குகின்றனர். காவலை நீக்கிய பின்னரே நீர் மீனுக்கு ஏற்றதாகிறது.

1960ஆம் ஆண்டையொட்டி லோயபும் இந்திய வேதியியலர் சௌரிராஜனும் கலிபோர்னியாவில் உருவாக்கிய சவ்வு, எதிர்ச் சவ்வூடுபரவலை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கடினநீர் மிக்க ஊர்களில் டிஸ்கஸ் போன்ற மென்னீர் மீன்களை வளர்க்க இம்முறையே துணை செய்கிறது. இன்று வழக்கிலுள்ள சவ்வு குளோரினால் கெடும். ஆதலால் சவ்வுக்கு முன்னரே கரி வடிகட்டி குளோரினை அகற்றிவிடுகிறது. விளைவாகக் கிடைக்கும் நீர் தெளிவானது. ஆனால் எவ்விதக் காவலும் அற்றது. அதனை வாரக்கணக்கில் பீப்பாயில் அடைத்தால், சுவரில் வழவழப்பான நுண்ணுயிர்ப் படலம் படிகிறது. பாதிரிப்பூவின் இடத்தை இப்போது அப்படலம் பெறுகிறது: கலம் தன் மணத்தை நீருக்குத் தருகிறது.

நடைமுறைப் பொருத்தம்

இவ்வரலாறு சில தெளிவுகளைத் தருகிறது. முதலாவது, வாடையின் வகையை அறிதல். அழுகிய முட்டை நாற்றம் காற்றோட்டக் குறைவால் எழும் ஐதரசன் சல்பைடு. காற்றுக் குமிழ்களைச் செலுத்தினால் பெரும்பாலும் நீங்கும். மண்வாடையோ காற்றால் எளிதில் நீங்காது. காய்ச்சி மட்டும் அதனைப் போக்குவதும் அரிது. கிளர்வூட்டிய கரியே அதனை ஈர்த்துக்கொள்ளும். இரண்டாவது, நீரைவிடக் கலத்தைக் கவனித்தல். பழைய நீரின்மேல் புது நீர் ஊற்றாமல் முழுதும் வடித்து, உட்சுவரைத் தேய்த்து, சலவைத்தூள் நீரால் கழுவி, பலமுறை அலசி, மீனுக்கெனில் எஞ்சிய குளோரினையும் நீக்கி, வெயிலில் உலர்த்த வேண்டும். மூன்றாவது, ஒளி புகாத மூடிய கலத்தில் ஒரு வாரத் தேவைக்குமேல் சேர்க்காமை. காற்றுக்குழாயையும் மூடியின் இடைவெளியையும் கொசுவலையால் மறைத்தல். தாது உப்புகளை நீரைப் பயன்படுத்தும்போது மட்டும் சேர்ப்பது நன்று. நீலப்பச்சைப் பாசி படர்ந்த நீராயின், வாடை போனதாலேயே அது தீங்கற்றது எனக் கொள்ளலாகாது. சில பாசிகளின் நஞ்சுக்கு மணமில்லை.

முடிவுரை

நாள்தோறும் கழுவிக் கவிழ்க்கப்பட்ட குடத்தில் படலம் தங்க நேரமில்லை. பெண்களின் உழைப்பால் நிலைபெற்ற அந்தப் புழக்கத்தை இலக்கியம் உவமையாகப் பதிவுசெய்யவில்லை. தேற்றாவையும் பாதிரியையும் மட்டுமே பதிவுசெய்தது. ஆயினும் வாடையைத் தடுத்ததில் விதைக்கும் பூவுக்கும் இருந்ததைவிடக் கழுவிய கைகளுக்குப் பங்கு மிகுதி எனக் கருத இடமுண்டு. நகர்த்தவியலாத தொட்டியும் முத்திரையிட்ட கேனும் வந்தபோது தூய்மிப்பு ஆலைக்கு இடம்பெயர்ந்தது. கலத்தைத் தூய்மையாக்கும் பொறுப்பு எவருக்கும் உரியதாகாமல் நின்றது. நாள்கணக்கில் நீரைச் சேர்த்து வைக்கும் இளம்பிள்ளை போன்ற ஊரில், மண்வாடை அப்பொறுப்பு விடுபட்ட இடத்தைக் காட்டும் அடையாளமாகும். தெளிந்த நீர் வேறு, மணமற்ற நீர் வேறு, தூய நீர் வேறு என்னும் பாகுபாட்டை நீர் வரலாறு எழுதுவோரும் நீரைச் சேமிப்போரும் ஒருங்கே கொள்ளுதல் வேண்டும்.