மௌனமான ஆர்கன்கள் மீண்டும் பாடுவது எப்படி?

2024ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் மாலை, பாரிஸ் மாநகரின் நோத்ர தாம் பேராலயம், ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக மூடப்பட்டிருந்த பின் மீண்டும் திறக்கப்பட்டது. அதைத் தொலைக்காட்சியில் கண்டவர்கள் ஒரு காட்சியை எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். பாரிஸ் பேராயர் லோரான் உல்ரிச் அவர்கள், மேற்கு மாடத்தில் நிற்கும் பெரிய ஆர்கனை நோக்கி, உறங்கும் ஒருவரை எழுப்புவது போல, விழித்தெழுமாறு எட்டு முறை அழைத்தார். ஒவ்வோர் அழைப்புக்கும் ஆர்கன் தன் குழல்களால் மறுமொழி தந்தது. பேராலயத்தின் ஆர்கன் கலைஞர்கள் நால்வர் முறை வைத்து வாசித்தனர். ஏட்டில் எழுதி வைத்த இசை அல்ல அது. அந்த நேரத்தில் அவர்களே உருவாக்கி வாசித்தது.

மரத்தாலும் உலோகத்தாலும் ஆன ஒரு கருவியிடம் பேராயர் பேசுவதா என்று நம்மில் சிலர் வியந்திருக்கலாம். இலத்தீன் வழிபாட்டு முறையில் ஆர்கனுக்கு உள்ள இடம் தனியானது. மற்றக் கருவிகளைக் கோவிலுக்குள் கொண்டுவந்து வாசிக்கிறோம். ஆர்கனோ கோவிலின் கட்டடத்தோடு சேர்ந்தே எழுப்பப்படுகிறது. எனவேதான் அதற்கென்று தனி ஆசீர்வாதச் சடங்கு திருச்சபையின் ஆசியுரை நூலில் இடம்பெற்றுள்ளது. இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1963இல் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய கொள்கைத்திரட்டின் 120ஆம் எண்ணில், பைப் ஆர்கனைச் சிறப்பாக மதித்துப் போற்ற வேண்டும் என்று கூறி, அதன் பின்னரே பிற கருவிகளைப் பற்றிப் பேசுகிறது.

இந்த மதிப்பு தொடக்கத்திலிருந்தே இருந்ததல்ல. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த க்தேசிபியுஸ் என்ற பொறியாளர் உருவாக்கிய கருவி இது. உரோமையரின் வேடிக்கை அரங்குகளில் ஒலித்த கருவி என்பதால், தொடக்கத் திருச்சபை அதை அண்டவிடவில்லை. 757இல் பிசான்சிய மன்னர் 5ஆம் கான்ஸ்டன்டைன் பிராங்க் மன்னர் பெப்பினுக்கு ஓர் ஆர்கனைப் பரிசாக அனுப்பினார். அதற்குப் பின் மேற்கு ஐரோப்பாவில் மெல்ல மெல்ல அது கோவிலுக்குள் நுழைந்தது. கூத்து மேடையில் இருந்த கருவி பீடத்தின் பணிக்கு வந்தது என்று சொன்னால் தவறில்லை.

நம் பங்குக் கோவில்களில் பெரும்பாலும் ஆர்மோனியத்தையும், பிறகு மின்விசைக் கீபோர்டையும் கேட்டுப் பழகியவர்கள் நாம். பைப் ஆர்கன் எப்படி வேலை செய்கிறது என்பதை ஆர்மோனியத்தைக் கொண்டே ஓரளவு விளக்கிவிடலாம். இரண்டிலும் துருத்தி உண்டு; காற்று உண்டு; கட்டைகளை அழுத்தினால் காற்று வழி திறக்கும். ஆர்மோனியத்தில் அந்தக் காற்று சிறு பித்தளை நாக்குகளை அதிரச் செய்கிறது. ஆர்கனிலோ ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு குழல் நிற்கிறது. அவற்றுள் பெரும்பாலானவை ஊதல் போல, வாயருகே உள்ள மெல்லிய இடைவெளி வழியே காற்று உதட்டில் மோதுவதால் ஒலிப்பவை. மற்றவற்றில் ஆர்மோனியத்தில் இருப்பது போன்ற பித்தளை நாக்கும், அதன் மேல் ஒலியை வளர்க்கும் குழலும் இருக்கும். ஒரே தன்மையுள்ள குரல் தரும் குழல்களின் வரிசையை 'ஸ்டாப்' என்பார்கள். நோத்ர தாம் ஆர்கனில் 115 ஸ்டாப்புகள், ஏறத்தாழ 8,000 குழல்கள், கைகளுக்கு ஐந்து கீபோர்டுகள், கால்களால் வாசிக்க மற்றொன்று. மிகப் பெரிய குழல்கள் ஏறத்தாழ 10 மீட்டர் உயரம். மிகச் சிறியவை நம் சுண்டுவிரலை விடச் சிறியவை.

இத்தகைய கருவிக்கு வயதாகும்போது என்ன நேர்கிறது? முதலில் தோல் போகிறது. துருத்தியிலும் காற்றுப்பெட்டிகளிலும் ஒட்டியுள்ள ஆட்டுத்தோல் சில தலைமுறைகளில் காய்ந்து வெடிக்க, காற்று கசிகிறது. கோவிலைச் சூடாக்கும் கருவிகள் வந்த பின் மரம் அதிகமாக உலர்ந்து பிளவுபடுகிறது. குழல்கள் பெரும்பாலும் வெள்ளீயமும் ஈயமும் கலந்த உலோகத்தால் ஆனவை. ஈயம் மிகுந்த குழல்களுக்கு ஓக் மரமே பகையாகிவிடுவதுண்டு. அந்த மரத்திலிருந்து கசியும் அசெட்டிக் அமில ஆவி குழலின் அடிப்பாகத்தை அரித்துத் துளையிட்டுவிடும். கருவியைத் தாங்கி நிற்கும் மரமே அதன் குரலைத் தின்பது விந்தைதான். போர்களும் தம் பங்கைச் செய்தன. முதல் உலகப் போரின்போது, 1917இல், ஜெர்மனி அரசு கோவில் ஆர்கன்களின் முகப்பில் நின்ற வெள்ளீயக் குழல்களைப் படைத் தேவைக்காகப் பறிமுதல் செய்தது. பல கோவில்களில் அவற்றின் இடத்தைத் துத்தநாகக் குழல்கள் பிடித்துக்கொண்டன.

எல்லாவற்றையும் விட அதிகச் சேதம் செய்தது மனிதரின் ரசனைதான் என்பது எங்கள் கருத்து. ஒவ்வொரு தலைமுறையும் தனக்குப் பிடிக்காத குழல்களைப் பிடுங்கி எறிந்துவிட்டு, தனக்குப் பிடித்ததை வைத்தது. ஆகவே இன்று ஒரு பழைய ஆர்கனைச் சீர்செய்ய முன்வருபவர்களின் முன் நிற்கும் முதல் கேள்வி கருவிகளைப் பற்றியதல்ல: எந்தக் காலத்துக்கு இதைத் திருப்புவது?

நோத்ர தாமில் இந்தக் கேள்வி தெளிவாகத் தெரிகிறது. இன்று நாம் காணும் ஆர்கனின் அடித்தளத்தை 1733இல் பிரான்சுவா தியேரி அமைத்தார். 1780களில் கிளிக்கோ அதை விரிவாக்கினார். 1868இல் அரிஸ்தித் கவையே-கோல் அதை ஏறக்குறைய புதிய கருவியாகவே எழுப்பினார். ஆனால் முன்னவர்களின் குழல்கள் பலவற்றையும் தம் கருவிக்குள் சேர்த்துக்கொண்டார். 1900 முதல் அங்கே ஆர்கன் வாசித்த லூயி வியேர்ன், ஏறத்தாழ பார்வையற்றவராக இருந்தும், 1927இல் அமெரிக்கா சென்று இசை நிகழ்ச்சிகள் நடத்தி அதன் சீரமைப்புக்குப் பணம் திரட்டினார். 1937 ஜூன் 2ஆம் நாள் அதே ஆர்கனின் முன் வாசித்துக்கொண்டிருந்தபோதே உயிர் நீத்தார். பின்னர் மின் இணைப்புகளும், 1992இல் கணினியும் வந்தன. இப்படி இருக்க, இவற்றுள் எதை 'உண்மையான' ஆர்கன் என்பது? சீரமைத்தவர்கள் எந்த ஒரு காலத்துக்கும் திரும்பிப் போகவில்லை. எல்லாக் கரங்களின் வேலையையும் அப்படியே ஏற்று, தீ நாளன்று இருந்த நிலைக்கே அதைக் கொண்டுவந்தார்கள். திருச்சபையின் மரபு வளர்வதும் ஏறத்தாழ இப்படித்தானே என்று எங்களுக்குத் தோன்றியது.

2019 ஏப்ரல் 15, புனித வாரத்தின் திங்கட்கிழமை. கூரை எரிந்து கோபுரம் சரிந்த அந்த இரவில், மேற்கு மாடத்தில் இருந்த ஆர்கனைத் தீ தொடவில்லை. தீயணைப்பு நீரும் பெரிதாகச் சேதம் செய்யவில்லை. ஆனால் கூரையில் இருந்த ஈயம் தூளாக மாறி ஒவ்வொரு குழலுக்குள்ளும் படிந்தது. ஈயத்தூள் நச்சுத்தன்மை உடையது. அப்படியே வாசித்தால் அது காற்றோடு கோவிலெங்கும் பரவும். ஆகவே முழுக் கருவியையும் கழற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. 2020 ஆகஸ்ட் 3ஆம் நாள் கழற்றும் வேலை தொடங்கி அவ்வாண்டு டிசம்பரில் முடிந்தது. மரக் கூடும் சில பெரிய பாகங்களும் மட்டுமே மாடத்தில் எஞ்சின. குழல்கள் எண்ணிட்டுப் பெட்டிகளில் அடுக்கப்பட்டு, பிரான்சின் வெவ்வேறு ஊர்களில் உள்ள ஆர்கன் பட்டறைகளுக்குப் போயின. அங்கே குழல் குழலாகத் தூசி நீக்கினார்கள். காற்றுப்பெட்டிகளின் தோலை மாற்றினார்கள்; மின் பாகங்களைப் புதுப்பித்தார்கள். 2023இல் திரும்பப் பொருத்தும் வேலை தொடங்கியது.

அதற்கடுத்து வந்ததுதான் மிகவும் நுட்பமான கட்டம். குழலைத் திரும்ப நிறுத்திவிட்டால் மட்டும் அது பாடிவிடாது. அதன் வாயில் காற்று எவ்வளவு வேகமாகப் படுகிறது, உதடு எவ்வளவு உயரம், ஒலி தொடங்கும்போது இருமுகிறதா, இழுக்கிறதா என்றெல்லாம் ஒருவர் காதால் கேட்டுக் கேட்டுத் திருத்த வேண்டும். இதைக் குரல் அமைத்தல் என்கிறோம். சுருதி சேர்ப்பது அதற்குப் பின். ஒருவர் கீபோர்டில் அமர்ந்து ஒரே சுரத்தை அழுத்திப் பிடிப்பார். மற்றவர் கருவிக்குள் ஏறி, குழலின் தலையில் இலேசாகத் தட்டியோ நாக்கின் கம்பியை நகர்த்தியோ சரிசெய்வார். பகலில் கட்டடத் தொழிலாளர்களின் உளியும் சுத்தியலும் ஓயாது ஒலித்ததால், 2024இல் மாதக்கணக்கில் இந்த வேலை இரவுகளில் நடந்தது. எட்டாயிரம் குழல்கள், ஒவ்வொன்றாக. கோவிலின் வெப்பநிலை மாறினால் சுருதியும் மாறும் என்பதால் அதையும் கவனித்தபடியே வேலை செய்ய வேண்டியிருந்தது.

திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் அவர்கள் 2006 செப்டம்பர் 13ஆம் நாள் ரேகன்ஸ்பூர்க் நகரின் பழைய சிற்றாலயத்தில் புதிய ஆர்கன் ஒன்றை ஆசீர்வதித்தபோது, இதே வேலையைத்தான் நினைவூட்டினார். சுருதி தவறிய குழலை வல்லவர் ஒருவரின் கை மீண்டும் மீண்டும் இணக்கத்துக்குக் கொண்டுவருவது போல, திருச்சபையின் பலவகைப்பட்ட கொடைகளும் நம்பிக்கையின் ஒன்றிப்புக்குள் மீண்டும் மீண்டும் கொண்டுவரப்பட வேண்டும் என்பது அவர் சொன்னதன் சாரம். ஒருமுறை சேர்த்த சுருதி நிலைக்காது என்பதை ஆர்கன் உள்ள வீட்டில் வளர்ந்தவர்கள் அறிவார்கள். அவருடைய அண்ணன் கியோர்க் ராட்சிங்கர் அதே நகரின் பேராலயப் பாடற்குழுவை முப்பது ஆண்டுகள் நடத்தியவர்.

நோத்ர தாம் ஆர்கன் தப்பியது. டிரெஸ்டன் நகரின் கத்தோலிக்கப் பேராலயத்தில் கதை வேறு. ஆர்கன் கலையின் பெருமேதை கோட்பிரிட் சில்பர்மன் தம் வாழ்வின் கடைசிக் கருவியாக அதைத் தொடங்கி, முடிக்கும் முன்பே 1753இல் இறந்தார். அவருடைய மாணவர் ஹில்டபிராண்ட் 1755இல் முடித்தார். இரண்டாம் உலகப் போர் நெருங்கி வந்தபோது, 1944இல் குழல்களைக் கழற்றி, சாங்க்ட் மரியன்ஸ்டேர்ன் என்னும் சிஸ்டர்சியன் கன்னியர் மடத்தில் ஒளித்து வைத்தார்கள். 1945 பிப்ரவரியில் நகரம் குண்டுவீச்சில் எரிந்தபோது ஆர்கனின் கூடும் துருத்திகளும் சாம்பலாயின. குழல்கள் மட்டும் மடத்தில் காத்திருந்தன. 1971இல்தான் அவை புதிய கூட்டுக்குள் மீண்டும் ஒலித்தன. அக்காலத்தின் கிழக்கு ஜெர்மனி அரசின் கீழ் ஒரு கத்தோலிக்கக் கோவிலுக்காக இந்த வேலை நடந்தது என்பது குறிப்பிடத்தக்கது. வீடு புதிது, குரல் பழையது.

இவ்வளவு செலவு தேவையா என்று நம் வாசகர் ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்விதான். பசித்தவருக்கு உணவா, குழலுக்குத் தோலா? நோத்ர தாம் பேராலயச் சீரமைப்புக்கு 150 நாடுகளைச் சேர்ந்த 3,40,000 பேர் ஏறத்தாழ 84 கோடியே 60 இலட்சம் யூரோ வழங்கினர். பெருஞ்செல்வர்கள் தந்தது பெருந்தொகை என்றாலும், சிறு காணிக்கை தந்தவர்களே எண்ணிக்கையில் மிகுதி. 1905ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பிரான்சின் பழைய பேராலயங்கள் அரசின் சொத்து, ஆர்கனும் அப்படியே. ஆகவே அந்தப் பணத்தை வேறு அறப்பணிக்குத் திருப்பிவிடும் உரிமை மறைமாவட்டத்துக்கு இல்லை. ஆனாலும் நம் சிறு பங்குகளுக்கு இதை நாங்கள் முன்மாதிரியாகக் காட்டவில்லை. இருக்கும் ஆர்மோனியத்தைத் தூசி படியாமல் துணி போர்த்தி வைத்தாலே பெரிய காரியம்.

தப்பாத ஒன்றும் உண்டு. பிரான்சின் மேற்கே நாந்த் நகரின் புனித பேதுரு, புனித பவுல் பேராலயத்தின் பெரிய ஆர்கன் 1621இல் உருவானது. பிரெஞ்சுப் புரட்சியில் பல ஆர்கன்கள் உடைக்கப்பட்டபோது, புரட்சி விழாக்களுக்கு இது பயன்படும் என்று அதன் கலைஞர் வாதாடிக் காப்பாற்றினார். இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சிலும் அது பிழைத்தது. 1972இல் பேராலயக் கூரை எரிந்தபோதும் காப்பாற்றப்பட்டது. 2020 ஜூலை 18ஆம் நாள் காலை, கோவிலுக்குள் ஒருவர் வேண்டுமென்றே வைத்த தீயில் ஏறக்குறைய 5,500 குழல்களும் உருகின. அங்கே பட்டறைக்கு எடுத்துச்செல்ல எதுவும் மிஞ்சவில்லை. நான்கு நூற்றாண்டுக் கரங்களின் வேலையைப் பழைய வரைபடங்களையும் ஒலிப்பதிவுகளையும் கொண்டு போலச் செய்வதா, அல்லது 1621இல் செய்தது போலவே இந்தக் காலத்தவர் தங்கள் காலத்துக்குரிய கருவி ஒன்றைச் செய்வதா என்ற கேள்வி எழுவது இங்கேதான். எங்களைக் கேட்டால் இரண்டாவதே சரி. உருகிப்போன குழலின் குரலை வரைபடத்திலிருந்து எடுக்க முடியாது. பேராலயம் 2025 செப்டம்பர் மாதக் கடைசியில், பெரிய ஆர்கன் இல்லாமலே, இறைமக்களுக்குத் திறக்கப்பட்டது.